மால்பொசிஷன் என்பது இடம் மட்டும் அன்று
‘மால்பொசிஷன்’ (malposition) என்ற ஆங்கிலச் சொல்லை விளக்கும் ஒரு கட்டுரை, ஒன்று தனக்குரிய இடத்தில் இல்லாமல் வேறிடத்தில் இருப்பதே அதன் பொருள் என்று சொல்கிறது; அது பாதி மட்டுமே சரி. அச்சொல் மிகுதியாகப் புழங்கும் மகப்பேறு மருத்துவத்தில், குழந்தையின் தலை கீழ்நோக்கி, இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தாலும், அதன் பிடரி தாயின் வயிற்றுப்புறம் பார்க்காமல் முதுகுப்புறமோ பக்கவாட்டிலோ திரும்பியிருந்தால் அதை மால்பொசிஷன் என்றுதான் குறிப்பெழுதுவார்கள். அதாவது அங்கே பிழை இடத்தில் இல்லை, திசையில் இருக்கிறது. அக்கட்டுரை எடுத்துக்காட்டாகத் தந்த, பிரசவத்தில் குழந்தையின் பிட்டம் முதலில் வரும் நிலைக்கு ‘மால்பிரசென்டேஷன்’ என்ற தனிச்சொல் உண்டு. இரண்டையும் கலப்பது பாடநூல்கள் ஏற்காத குழப்பம். முதுகுப்புறம் திரும்பிய தலைகளில் பெரும்பாலானவை பிரசவ வலியின்போது தாமாகவே சுழன்று சரியாகிவிடுவதால், அச்சொல்லைக் கேட்டவுடன் நிலையான குறைபாடு என்று அஞ்சவும் தேவையில்லை. மூச்சுக்குழாய்க்குள் செலுத்தும் செயற்கைக் குழாய் அளவுக்கு மீறி ஆழமாகச் சென்றால், அகலமாகவும் செங்குத்தாகவும் உள்ள வலது கிளைக்குள் நுழைந்து இடது நுரையீரலுக்குக் காற்று போகாமல் தடுப்பதையும் இப்படியே அழைக்கிறார்கள். பாதை சரி, ஆழம்தான் தவறு. தொலைந்த சாவிக்கும் இச்சொல் பொருந்துமா என்று அக்கட்டுரையைப் படித்த ஒருவர் கேட்டிருந்தார்: பொருந்தாது, ஏனெனில் அதற்குரிய ‘மிஸ்பிளேஸ்’ (இடம் மாற்றி வைத்துவிடுதல்) என்ற வினை வைத்தவரின் மறதியைச் சுட்டுகிறது, மால்பொசிஷனோ யார் காரணம் என்று எதுவும் சொல்லாமல் நிலையை மட்டும் விவரிக்கிறது.