பட்டம் வாங்கியாச்சு, பிறகு?

போன கிழமை பூசை முடிந்து வெளியே வரும்போது கோயில் மதிலில் புதுப் பனர் ஒன்று. உரோமையில் படித்து இறையியலில் கலாநிதிப் பட்டம் எடுத்த ஒரு பாதருக்கு வாழ்த்து. ‘கலாநிதி’ என்பதை ‘கலாநதி’ என்று அடித்திருந்தார்கள். அதுவும் அழகாய்த்தான் இருந்தது.

சந்தோஷமான விஷயம். மனுசன் பத்துப் பன்னிரண்டு வருசம் படித்திருக்கிறார், வாழ்த்தத்தான் வேணும். எனக்குள்ள கேள்வி வேறு. குருக்களைப் பயிற்றுகிற குருமடங்கள், மறைக்கல்வி நிலையங்கள் எல்லாம் தங்கள் மாணவர், பழைய மாணவர், விரிவுரையாளர் சாதனைகள் என்று போடுவதைப் பாருங்கள். இன்னார் பட்டம் பெற்றார், இன்னார் நூல் வெளியிட்டார், இன்னார் பதவியேற்றார். இதெல்லாம் சாதனையின் முதல் படி அல்லவா? அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று ஒருவரும் எழுதுவதில்லை.

தனிநாயகம் அடிகளாரை எடுத்துக்கொள்வோம். உரோமையில் படித்து 1938இல் குருவானவர். அங்கே அவர் செய்த ஆய்வு, 3ஆம் நூற்றாண்டில் புனித சிப்ரியான் ஆயராக இருந்தபோது கார்த்தேஜ் நகரில் இருந்த குருக்களைப் பற்றியது. அதோடு நின்றிருந்தால் இன்று அவர் பெயர் யாருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் வடக்கன்குளத்துப் பாடசாலைக்குக் கற்பிக்க வந்தவர், தன் தமிழ் போதாது என்று கண்டு, ஒரு பண்டிதருக்கு முன்னால் மாணவனாக உட்கார்ந்தார். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் போய்த் தமிழ் எம்.ஏ. படித்தார். கலாநிதிப் பட்டம் பெற்ற ஒரு குரு, இளம் பொடியன்களோடு ஒரே வாங்கில்! 1954இல் வத்திக்கான் நூலகத்தில், 1679இல் அச்சான தமிழ்–போர்த்துக்கேய அகராதியைக் கண்டெடுத்தார். குருமடப் படிப்பும் அண்ணாமலைப் படிப்பும் ஒரே ஆளிடம் சேர்ந்ததால் வந்த பலன் என்றுதான் நான் சொல்வேன். 1964இல் டில்லியில் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தொடங்கியதும், 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தியதும் எல்லோருக்கும் தெரிந்த கதை.

எங்கள் ஊர் ஆட்கள் இன்னொருவரையும் மறக்க மாட்டார்கள். அமெரிக்காவில் இருந்து வந்த இயேசு சபைக் குரு ஹேபியர் அடிகளார். திருகோணமலை சூசையப்பர் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரிடம் அவர் பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவர் எங்கே இறையியல் படித்தார் என்று ஒரு சொல் வராது. கூடைப்பந்து, அவருடைய சத்தம், அவரிடம் வாங்கிய ஏச்சு, இதுதான் வரும். 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையில் இருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர், கூடப்போன பொடியனோடு காணாமல் போனார். இன்றைக்கும் ஒரு தகவலும் இல்லை.

திருகோணமலை மறைமாவட்டம் உருவான அதே 1893இல்தான் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில் குருமடத்தைத் தொடங்கினார். இந்த மண்ணின் பிள்ளைகளே இந்த மண்ணுக்குக் குருக்களாக வேண்டும் என்பது அவர் எண்ணம். சரி, பிள்ளைகள் குருக்களாகிவிட்டார்கள். படித்தது மட்டும் இன்னும் இந்த மண்ணின் மொழிக்கு வரவில்லை. ஆய்வுகள் ஆங்கிலத்திலும் இத்தாலிய மொழியிலும் அலுமாரியில் கிடக்கின்றன. நாற்பது பக்கத்தில் தமிழில் ஒரு சின்னப் புத்தகம் போடக்கூடாதா? மாதத்தில் ஒரு பின்னேரம் பங்கு மண்டபத்தில் உட்கார்ந்து பேசக்கூடாதா? கேட்டால் நேரமில்லை என்பார்கள். பனர் கட்ட நேரம் இருக்கிறது.

எங்கள் பங்கில் ஒரு அக்கா இருக்கிறா. தையல்தான் தொழில். பொதுநிலையினருக்கான, அதாவது குருவோ கன்னியாஸ்திரியோ அல்லாத சனத்துக்கான, இறையியல் வகுப்பு ஒன்றுக்கு இரண்டு வருசம் சனிக்கிழமை தவறாமல் போனா. கொடுத்த குறிப்பு முழுக்க ஆங்கிலம், போட்டோகொப்பி. அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவா. “தம்பி, இதைக் கொஞ்சம் தமிழில சொல்லித் தாங்கோ.” பிரவுண் தாள் உறை போட்ட சி.ஆர். கொப்பியில் வரிக்கு வரி எழுதிக்கொள்ளுவா. பாதிச் சொல்லுக்கு எனக்கே தமிழ் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்து முழித்ததுதான் மிச்சம்.

இன்று அந்த அக்கா கிழமையில் இரண்டு நாள் ஆஸ்பத்திரி வாட்டில். ஆள் இல்லாத கிழவிகளுக்குத் தலை இழுத்துவிட்டு, கேட்டால் ஒரு செபம் சொல்லிவிட்டு, கேட்காவிட்டால் சும்மா பக்கத்தில் இருந்துவிட்டு வாறா. சைவமா வேதமா (கிறிஸ்தவமா) முஸ்லிமா என்று பார்ப்பதில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளும் அவவிடம்தான்.

இப்படிப்பட்ட ஆட்கள் புதிதில்லை. ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்ததில் இருந்து 1687இல் கோவாவில் இருந்து யோசேவாஸ் முனிவர் என்ற குரு வந்து இறங்கும் வரை, குருக்களே இல்லாத காலத்தில் வேதத்தைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் சாதாரண சனம். முனிவரும் வந்து ஊரூராய்ச் சனத்துக்குள் இருந்த கோயில் பொறுப்பாளர்களான மூப்பரையும் அண்ணாவியாரையும் நம்பித்தான் வேலை செய்தார். பாப்பரசர் பிரான்சிஸ் 2021 மே மாதம், மறைக்கல்வி ஆசிரியர் பணியைத் திருச்சபையின் முறையான பணியாகவே அறிவித்தார். அந்த ஆவணத்தைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒரு பிரசங்கம்கூட நான் கேட்கவில்லை. நான் பூசைக்குப் பிந்திப் போகிற ஆள், ஒருவேளை தவறவிட்டிருக்கலாம்.

அடுத்த பங்கு மலரில் அக்காவின் படத்தைப் போட்டு நாலு வரி எழுதலாம் என்று நேற்றுப் போய்க் கேட்டேன். காலை மிதியில் வைத்தபடியே நிமிர்ந்து பார்த்தா.

“என்ர போட்டோ என்னத்துக்கு? மிசின் பெல்ட் இழுபட்டுப் போய்க் கிடக்கு. மாத்துற ஆள் தெரிஞ்சாச் சொல்லு.”