அலுப்புத் தட்டுகிறவனுக்கு எந்த வேலை?

நான்கு ஆண்டுகளில் மூன்றாவது வேலையையும் விட்டுவிட்டு வந்திருக்கும் என் அக்காள் மகனை, வீட்டில் எல்லாரும் நிலையில்லாதவன் என்கிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை பட்டர்வொர்த்தில் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது, மாமன் என்ற முறையில் நான் அவனைக் கண்டிப்பேன் என்று எதிர்பார்த்தார்கள். அவன் வயதில் நானும் அப்படித்தான் திரிந்தேன் என்பதால் எனக்கு வாய் வரவில்லை.

1972-ல் சிப் தயாரிக்கும் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில் திறந்த காலத்திலிருந்தே அங்குள்ள பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் பொறியியலாளர்களுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஒரு தொழிற்சாலையில் அலுத்துப் போனால் சாலையைக் கடந்து எதிர்த் தொழிற்சாலைக்குப் போய்விடலாம். சம்பளமும் சில நூறு ரிங்கிட் கூடும். ஆனால், நான் இரண்டு முறை அப்படித் தாவியும் கழுத்தில் தொங்கிய அட்டையின் நிறம் மாறியதே தவிர, காலையில் கணினியைத் திறந்ததும் கண்ணில் படும் வரைபடம் மாறவில்லை. எல்லா இடத்திலும் நான் பிராசஸ் இன்ஜினியர். உற்பத்தி வரிசையில் நேற்று நடந்தது இன்றும் பிசகாமல் நடக்க வேண்டும் என்பதற்குத்தான் அங்கே சம்பளம். அது மதிப்புக்குரிய வேலை, எனக்குத்தான் ஒத்துவரவில்லை.

பழுதாய்வுக் கூடத்துக்கு மாற்றல் கேட்டு வாங்கிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. வாடிக்கையாளரிடமிருந்து திரும்பி வந்த சிப் ஒன்று மேசைக்கு வரும். அது ஏன் செத்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். முதலில் நுண்ணோக்கி, பிறகு மின்சோதனை, எக்ஸ்-ரே, உள்ளே பிசின் பிரிந்திருக்கிறதா என்று பார்க்கும் ஒலி அலைச் சோதனை. இவை எல்லாம் முடிந்த பின்னரே அமிலம் விட்டுக் கறுப்பு உறையைக் கரைத்துத் திறக்கலாம். திறந்துவிட்டால் பழைய நிலைக்குக் கொண்டுவர வழியில்லை.

சீக்கிரம் அலுத்துப்போகிறவனுக்கு அவசரமும் கூடப் பிறந்தது. தங்கம் விலை ஏறியதால் சிப்புக்குள் இருக்கும் தங்கக் கம்பிக்குப் பதில் செப்புக் கம்பி பரவத் தொடங்கியிருந்த காலம் அது. உள்ளே எந்தக் கம்பி என்று பார்க்காமல், வழக்கமாகத் தங்கக் கம்பிச் சிப்புக்குச் செய்வதுபோல் சூடான நைட்ரிக் அமிலத்தை விட்டேன். தங்கத்தைத் தொடாத அந்த அமிலம், முடியைவிட மெல்லிய செப்புக் கம்பிகளைச் சுவடே இல்லாமல் தின்றுவிட்டிருந்தது. இருந்த ஒரே தடயத்தை என் கையாலேயே அழித்துவிட்டு மேலதிகாரி முன் நின்ற அந்தப் பிற்பகலை நான் இன்னும் மறக்கவில்லை.

இந்த வேலையிலும் அலுப்பே இல்லை என்று சொன்னால் அது பொய். பாதி நாள் அறிக்கை எழுதுவதில் போகிறது. அதிலும் ஒரே செய்தியை வாடிக்கையாளருக்கு ஒரு விதமாகவும் நிர்வாகத்துக்கு வேறு விதமாகவும் எழுத வேண்டியிருப்பது பெரும் தொல்லை. ஆனால், விடை தெரியாத ஒன்று மேசையில் இருக்கும்வரை அந்தச் சலிப்பை என்னால் பொறுத்துக்கொள்ள முடிகிறது. கற்றுக்கொள்ள ஒன்றும் மிஞ்சாத இடத்தில் வரும் சலிப்பைத்தான் தாங்க முடியவில்லை. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் வேலை மாறுகிறவன் மூன்றாவது இடத்திலும் அதையேதான் சந்திப்பான் என்பது என் கருத்து.

அதனால் மருமகனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். அடுத்த நேர்காணலில் சம்பளத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், எதிரே இருப்பவரிடம், "போன வாரம் உங்களைத் திணறடித்த பிரச்சினை எது?" என்று கேட்கச் சொன்னேன்.

"உங்களுக்கு எது மாமா?" என்று உடனே திருப்பிக் கேட்டான்.

அறை வெப்பத்தில் எல்லாச் சோதனையிலும் தேறிவிட்டு, குளிரூட்டினால் மட்டும் செயலிழக்கும் ஒரு சிப்பைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். அக்காள் இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டும் நாங்கள் எழுந்திருக்கவில்லை.