.38 வைத்து ஆடலாம்

கௌபாய் ஆக்‌ஷன் ஷூட்டிங்கில் (பழைய கௌபாய் காலத்துப் பாணித் துப்பாக்கிகளால் குறிபார்த்துச் சுடும் போட்டி) .45 கோல்ட் (Colt) தோட்டா போடும் ரிவால்வர்தான் செல்லும், .38-ஐ உள்ளே விடமாட்டார்கள் என்று ஒரு நண்பர் எழுதியிருக்கிறார் (இந்த எண்கள் தோட்டாவின் தடிமனை அங்குலத்தில் ஏறத்தாழக் குறிப்பவை). அப்படி இல்லைங்க. அமெரிக்காவின் சிங்கிள் ஆக்‌ஷன் ஷூட்டிங் சொசைட்டி (இந்த விளையாட்டை நடத்தும் அமைப்பு) விதிப்படி, முக்கியப் போட்டியில் பெரியவர்களுக்கு .32 முதல் .45 வரை சென்டர்ஃபயர் (அடிப்பகுதியின் நடுவில் அடிபட்டு வெடிக்கும் தோட்டா) எதுவும் சரி. அவர்களுடைய விதிக் கையேடு இணையத்தில் இலவசம்; ரிவால்வர் பகுதியைத் திறந்தால் முடிந்தது.

புதிதாக வருபவர்கள் பலரும் .357 மேக்னம் ரிவால்வர் வாங்கி அதில் .38 ஸ்பெஷல் போட்டுத்தான் சுடுகிறார்கள். உதை குறைவு, தோட்டா செலவும் குறைவு. இரண்டு தோட்டாக்களின் வெற்று உறைகளையும் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்: தடிமன் ஒன்றுதான், .357 மட்டும் சுமார் 3 மில்லிமீட்டர் கூடுதல் உயரம். அதனால்தான் குட்டையான .38 அந்த .357 ரிவால்வரில் பொருந்துகிறது; ஆனால் .38 துப்பாக்கியில் .357 போடக்கூடாது.