ஷூவுக்குள் ஒரு கடற்கரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரமாகப் போய்ச் சவுக்குத் தோப்பு வழியாகத் திரும்பும் 6 கிலோமீட்டர் சுற்று. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஈர மணலில் ஓடினால் அலை வந்து ஷூவை நனைக்கிறது. மேலே ஏறினால் கணுக்கால் வரை புதைகிறது. அங்கே ராவணன் மீசை என்கிற கடற்கரைப் புல் வேறு, ஊசி ஊசியாகக் குத்துகிறது. சரி, தோப்புக்குள் நுழைந்தால் நிம்மதி என்று பார்த்தால், மெத்தை மாதிரி கிடக்கும் சருகுக்கடியில் சவுக்குக் காய்கள். கோலிக்குண்டு மேல் கால் வைத்த கதைதான். நேற்று குப்புற விழுந்தேன். மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கிவிட்டது.

அப்புறம் அந்த மணல்! வாசலிலேயே உதறினாலும் எப்படியோ படுக்கைவரை வந்துவிடுகிறது. "தெருவில் நடந்தால் போதாதா?" என்கிறார் அம்மா. நாளைக்கும் ஓடணும், ஷூ இன்னும் காயவில்லை.