விளையாட்டுக்கு மதிப்பே இல்லை என்பது தவறு

"உயர்தரப் பரீட்சை முடியும்வரை விளையாட்டு, மேடை எல்லாவற்றையும் நிறுத்துங்கள்; பல்கலைக்கழக அனுமதியில் அவற்றுக்கு மதிப்பே இல்லை" என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள், அக்கா. இது பாதி உண்மைதான்.

மருத்துவம், பொறியியல் போன்றவற்றில் 40 வீத இடங்கள் அகில இலங்கைத் தரவரிசைப்படியும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் இசட் புள்ளியால், அதாவது உயர்தரப் பெறுபேற்றைத் தரப்படுத்திக் கணிக்கும் புள்ளியால், நிரம்புகின்றன. இதில் உங்களோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் விளையாட்டிலோ கலையிலோ தேசிய மட்டத்தில் சிறந்து விளங்கியவர்களுக்கென்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு சிறப்பு அனுமதி வைத்திருக்கிறது. இடங்கள் மிகக் குறைவு. உயர்தரத்தில் குறைந்தபட்சத் தகுதியும் வேண்டும். மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்க விரும்புபவர் இசட் புள்ளியை மட்டும் நம்ப முடியாது, அத்துறைக்கான இயல்திறனைச் சோதிக்கும் உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். வரைந்து, உற்றுப் பார்த்துப் பழகிய பிள்ளைக்கு அங்கே கை ஓடும்.

கொழும்பு வெள்ளவத்தையில் விடியற்காலையிலேயே தனியார் வகுப்புக்கு ஓடும் பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறேன். உங்கள் வரியை நம்பி அவர்களின் பெற்றோர் வலைப்பந்துப் பயிற்சியையும் நிறுத்திவிடுவார்களோ என்று உண்மையாகவே கவலைப்படுகிறேன். ஆணைக்குழுவின் அனுமதிக் கைந்நூல் தமிழிலும் வெளிவருகிறது. தயவுசெய்து அதைப் பார்த்துவிட்டு உங்கள் கருத்தைத் திருத்துங்கள்.