"12 கடல் மைலுக்கு அப்பால் கடற்படைக்கு அதிகாரமில்லை" என்பது தவறு

முகத்துவாரம், திக்கோவிட்ட பக்கத்து வட்ஸ்அப் குழுக்களில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. கரையிலிருந்து 12 கடல் மைல் தாண்டினால் கடற்படை யாரையும் பிடிக்க முடியாது, படகை நிறுத்தவே தேவையில்லை என்கிறது அது. இதை நம்பி நிறுத்தாமல் ஓடினால் உயிருக்கே ஆபத்து.

12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீற்றர், ஆட்புல எல்லை, அதாவது நாட்டின் சொந்தக் கடற்பரப்பின் எல்லை மட்டுமே. கடல்வளம் கரை நாட்டுக்கே உரிய, 200 கடல் மைல் வரையான பொருளாதார வலயத்தில் அனுமதியின்றி மீன்பிடிக்கும் வெளிநாட்டுப் படகில் ஏறிச் சோதிக்கவும் கைப்பற்றவும் 1982 கடற்சட்ட சமவாயத்தின் 73ஆம் உறுப்புரை இடமளிக்கிறது. மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறையிடுவதற்கு அதே உறுப்புரை வரம்பு வைத்திருப்பதும் உண்மைதான். ஆனால் அந்த வரம்பு போதைப்பொருள் கடத்தலுக்குப் பொருந்தாது.

நம் பலநாள் படகுகளின் கதை வேறு. அணியத்துப் (படகின் முன்பகுதி) பக்கவாட்டில் ஐ.எம்.யு.எல். என்று தொடங்கும் இலக்கம் இருந்தால் அது இலங்கைப் படகு. ஆழ்கடலிலும் இலங்கைச் சட்டம் அதன்மேல் செல்லும். இலக்கத்தைச் சுரண்டி அழித்தாலும் தப்ப முடியாது: எந்த நாட்டையும் சேராத கலத்தில் எந்த நாட்டுப் போர்க்கப்பலும் ஏறிச் சோதிக்கலாம் (110ஆம் உறுப்புரை). வேற்றுக்கொடிக் கப்பலில் போதைப்பொருள் சந்தேகம் என்றால், போதைப்பொருள் கடத்தலுக்கு எதிரான 1988 வியன்னா சமவாயத்தின் 17ஆம் உறுப்புரைப்படி கொடி நாட்டின், அதாவது கப்பல் பதிவான நாட்டின் சம்மதம் கேட்கப்படும்.

சமவாயங்கள் ஐ.நா. இணையத்தளத்தில் உள்ளன. படகு அனுமதி பற்றி மாளிகாவத்தையிலுள்ள கடற்றொழில் திணைக்களத்தில் கேளுங்கள். அந்தக் குரல்பதிவை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம். அனுப்பியிருந்தால் அதே குழுவில் இதைப் போடுங்கள்.