சிக்கனத்தை ஏன் அடுப்படியிலேயே தேடுகிறோம்?

மாதம் பிறந்தால் போதும், "குடும்பச் செலவைக் குறைக்க இருபது வழிகள்" என்று வாட்ஸ்அப்பில் ஒன்று சுற்ற ஆரம்பித்துவிடும். படித்துப் பார்த்தால் இருபதில் பதினைந்து நேரே அடுப்படிக்குள் வந்து நிற்கும். எண்ணெயை அளந்து ஊற்று, மிஞ்சின சோற்றை வடகம் போடு, கொத்தமல்லித் தண்டைத் தூக்கி எறியாதே. யாருக்குச் சொல்கிறார்கள் இதை? தக்காளி விலை ஏறினால் ரசத்தில் புளியைக் கூட்டிச் சமாளிக்கிறவளுக்கு. பால் பாக்கெட்டைக் கழுவி அந்தத் தண்ணீரையும் டீக்குச் சேர்க்கிறவளுக்கு. அவளிடம் இனிமேல் பிழிய என்ன இருக்கிறது?

என் கட்சி இதுதான். நடுத்தரக் குடும்பத்தில் காசு பெரிதாகப் போகிற இடம் அடுப்படி இல்லை. வருஷத்துக்கு நாலைந்து தடவை, கூடத்தில் உட்கார்ந்து, பெரும்பாலும் ஆண்கள் எடுக்கிற முடிவுகளில்தான் போகிறது. வண்டித் தவணை, போன் தவணை, செய்முறை (விசேஷ வீடுகளுக்குச் செய்கிற மொய்), நகைச் சேதாரம், சொந்தக்காரர் முகத்துக்காகப் போட்ட பாலிசி. இவற்றைப் பற்றிப் பேசினால் வீட்டில் சண்டை வரும். கொத்தமல்லித் தண்டைப் பற்றிப் பேசினால் வராது. அதனால்தான் டிப்ஸ் எல்லாம் தண்டைச் சுற்றியே வருகிறது என்று நினைக்கிறேன்.

சாப்பாட்டுச் செலவைக் கவனிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. மத்திய அரசின் 2022-23 குடும்ப நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு கையில் கிடைத்தால் பாருங்கள். நகரத்து வீட்டில் மொத்தச் செலவில் சாப்பாட்டின் பங்கு 39 சதவீதம், கிராமத்தில் 46. அந்தச் சாப்பாட்டுச் செலவுக்குள்ளும் பெரிய பங்கு அரிசிக்கோ பருப்புக்கோ இல்லை. குளிர்பானம், டீ, பாக்கெட் பலகாரம், கடையில் வாங்கிச் சாப்பிடுவது, இந்த வகைக்குத்தான். அதாவது சமைக்கிறவள் கையில் இல்லாத செலவு. ரேஷனில் துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25. அட்டையை வைத்துக்கொண்டு "ரேஷன் பருப்பு வேகாது" என்று கடையில் நாலு மடங்கு கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். முந்தின ராத்திரி ஊறப் போட்டால் வேகும். காய்க்கு உழவர் சந்தை. முதல் உழவர் சந்தை 1999-ல் எங்கள் மதுரை அண்ணா நகரில்தான் திறந்தது, இன்றைக்கும் காலையில் போர்டில் எழுதின விலைக்குத்தான் விற்கிறார்கள். அடுப்படி விஷயம் அவ்வளவுதான். மேலே போவோம்.

கரண்ட் பில். "லைட்டை அணை, ஃபேனை அணை" என்று வீட்டில் நாள் முழுக்கக் கத்துகிறோமே, பில்லை எப்படிப் போடுகிறார்கள் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தமிழ்நாட்டில் வீட்டுக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை. முதல் 100 யூனிட் இலவசம். மொத்தம் 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70, 500 வரை 6.30. இது 2024 ஜூலைக் கட்டணம். 500-ஐத் தாண்டினால் தாண்டின யூனிட்டுக்கு மட்டும்தான் கூட விலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்த 2.35 சலுகையே பறிபோய்விடும், 101-லிருந்தே 4.70 போட்டுக் கணக்கு வரும், 501 முதல் 600 வரை 8.40. 500 யூனிட் ஓடின வீட்டுக்கு 1,805 ரூபாய் என்றால் 501 ஓடின வீட்டுக்கு 2,048. ஒரே ஒரு யூனிட், அதாவது ஒரு மணி நேரம் இஸ்திரி போட்டதற்கு 240 ரூபாய்க்கு மேல்.

ஆகவே தினமும் கத்துவதைவிட, ரீடிங் எடுத்த தேதியையும் எண்ணையும் காலண்டரில் குறித்து வைப்பதுதான் வேலைக்கு ஆகும். ஐம்பதாம் நாள் வாக்கில் மீட்டரைப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி ஓடும், கே.டபிள்யூ.எச். (kWh) என்று வருகிற எண்தான் நமக்கு வேண்டிய யூனிட் கணக்கு. பழைய ரீடிங்கைக் கழித்தால் 440 வருகிறதா? அப்படியே விட்டால் 500-ஐத் தாண்டிவிடும். பாக்கிப் பத்து நாள் கீசரை மறந்துவிடுங்கள், இஸ்திரியை அடுத்த கணக்குக்குத் தள்ளுங்கள். 300-லேயே நிற்கிறதா? நிம்மதியாக ஃபேனைப் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளை விரட்ட வேண்டாம். சித்திரை வெயிலில் ஏசி ஓடுகிற வீட்டில் 500-க்குள் நிற்பது நடக்காத காரியம். அந்த பில்லை விட்டுவிடுங்கள், மற்ற ஐந்து பில் நம் கையில்தான் இருக்கிறது.

எப்போதும் 500-ஐ ஒட்டியே ஓடுகிற வீட்டுக்கு இன்னொன்று. பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. (BLDC) என்று விற்கிற புது வகை ஃபேன் 30 வாட் வாக்கில்தான் இழுக்கும். கூடத்தில் நாளுக்குப் பதினாறு மணி நேரம் ஓடுகிற ஒரு ஃபேனை மாற்றினாலே ஒரு பில்லுக்கு 43 யூனிட் குறையும். 530-ல் நின்ற வீடு 487-க்கு இறங்கினால் பில்லில் ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம். ஃபேன் விலை மூவாயிரம் பக்கம் வரும். ஆறேழு பில்லில் போட்ட காசு திரும்பிவிடும், அதற்குப் பிறகு யாரும் யாரையும் அணைக்கச் சொல்லிக் கத்த வேண்டியதும் இல்லை.

அடுத்து செய்முறை. சென்னைக்காரர்களுக்கு இதன் கனம் தெரியாது. மதுரை, தேனிப் பக்கம் கல்யாணம், காதுகுத்து, சடங்கு, புதுமனை என்று தை பிறந்தால் பத்திரிகை வந்து குவியும். மண்டப வாசலிலேயே மேசை போட்டு மொய் எழுதுவார்கள். இப்போது கம்ப்யூட்டர் வைத்து, கையோடு ரசீதும் அடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். "அவங்க நம்ம காதுகுத்துக்கு ரெண்டாயிரம் போட்டிருக்காங்க. நாம மூவாயிரமாவது போடலைன்னா அவங்க முகத்துல முழிக்க முடியுமா மதினி?" இந்தப் பேச்சு நடக்காத வீடு இருந்தால் சொல்லுங்கள். கையில் காசு இல்லாமல் மோதிரத்தை அடகு வைத்து மொய் எழுதின குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

மொய் கெட்ட பழக்கம், விட்டுவிடுங்கள் என்று எழுதுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது. ஊரில் இருக்கிறவர்களால் விட முடியாது, விடவும் வேண்டியதில்லை. அது வட்டியில்லாக் கடன். பேராவூரணி, கீரமங்கலம் வட்டாரத்தில் ஆடி மாதம் மொய் விருந்து வைப்பார்கள். கல்யாணமும் கிடையாது, காதுகுத்தும் கிடையாது, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவதுதான் விசேஷமே. வாங்கின பணத்தில் கடையோ போர்வெல்லோ போட்டுவிட்டு, பிற்பாடு முறைப்படி திருப்பிச் செய்வார்கள். அந்த வெளிப்படைத்தனம் எனக்குப் பிடிக்கும். கடன் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் கணக்கும் தானாக வந்துவிடுகிறது.

நம் வீட்டு மொய் நோட்டையும் அப்படிக் கடன் நோட்டாகவே எடுத்து வையுங்கள். யார் யாருக்குத் திருப்பிச் செய்ய வேண்டியிருக்கிறது? அவர்கள் வீட்டில் வயதுக்கு வரப்போகிற பிள்ளை உண்டா, கல்யாணத்துக்கு நிற்கிற பையன் உண்டா, கட்டிக்கொண்டிருக்கிற வீடு உண்டா? அடுத்த இரண்டு வருஷத்துக்கு உத்தேசமாகக் கூட்டிப் பாருங்கள். 48,000 வந்தால் மாதம் 2,000. அந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிடுங்கள், வீட்டுச் செலவோடு கலக்கவே கலக்காதீர்கள். பத்திரிகை வந்த அன்றைக்குத் திகைக்காமல் இருப்பதற்கு இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நம் முறை வரும்போதும் ஒன்று: வந்த மொய்யை லாபம் என்று நினைத்து மண்டபத்தையும் டெக்கரேஷனையும் பெரிதாக்காதீர்கள். அதில் ஒவ்வொரு ரூபாயும் யாருக்கோ திரும்ப வேண்டிய ரூபாய்.

நகைக்கு வருகிறேன். "தங்கம் வாங்குறது செலவா, சேமிப்புத்தானே" என்பார்கள். பாதி சரி. சேதாரம் 12 சதவீதம் என்று போட்டால், எட்டுப் பவுன் வாங்குகிற இடத்தில் கிட்டத்தட்ட ஒரு பவுனின் விலை சேதாரத்துக்கே போகிறது. அது போக 3 சதவீத ஜி.எஸ்.டி. விற்கப் போனால் இரண்டும் திரும்பாது. போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், ஆசைக்கு விலை இல்லை. ஆனால் பிள்ளை படிப்புக்குச் சேர்க்கிறேன் என்றால் கல் வைத்த நெக்லஸ் எதற்கு? தங்கக் காசாக வாங்கினால் கூலி கொஞ்சம்தான்.

நகைச் சீட்டு ஏன் எல்லாக் கடையிலும் பதினொரு மாதம் என்று யோசித்திருக்கிறீர்களா? பொருளுக்கு வாங்கின முன்பணத்தை 365 நாளுக்குள் நேர் செய்யாவிட்டால் சட்டம் அதை டெபாசிட்டாகக் கருதும், டெபாசிட் விதிமுறை எல்லாம் வந்து ஒட்டிக்கொள்ளும். அதற்குள் முடித்துவிடத்தான் பதினொன்று. நமக்கு இதில் தெரிய வேண்டியது, அந்தப் பணத்துக்கு வங்கி டெபாசிட்டுக்கு இருக்கிற 5 லட்சம் ரூபாய் காப்பீடு கிடையாது. கடையை இழுத்து மூடிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டியதுதான். சேதாரத் தள்ளுபடிக்காக ஆயிரம், இரண்டாயிரம் கட்டுவது வேறு, மொத்தச் சேமிப்பையும் அங்கே கொண்டுபோய்க் கட்டுவது வேறு. தெருவில் பிடிக்கிற தீபாவளிச் சீட்டும் இதே கதைதான். ஏலச்சீட்டு என்றால் 1982 சிட்பண்ட் சட்டப்படி பதிவானதா என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் சேராதீர்கள்.

தவணை பற்றி ரொம்பச் சொல்ல வேண்டியதில்லை, எல்லாருக்கும் சுட்ட விஷயம். "வட்டியில்லாத் தவணை" என்று போர்டு வைத்த கடையில், "ரொக்கமாக் குடுத்தா எவ்வளவு குறைப்பீங்க?" என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். குறைக்கிறேன் என்கிற தொகைதான் வட்டி. பூஜ்ய வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று ரிசர்வ் வங்கியே 2013-ல் வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. கிரெடிட் கார்டில் "குறைந்தபட்சத் தொகை" மட்டும் கட்டிக்கொண்டு போனால் மாதம் மூன்றரை சதவீதம் பக்கம் வட்டி ஓடும். வருஷத்துக்கு நாற்பதைத் தாண்டிவிடும். அந்தக் கடனை வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் ஆறு சதவீதத்துக்குச் சேமிக்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆற்றாமையாக இருக்கும். முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள். அதுவரை சேமிப்பே வேண்டாம்.

மருந்துச் செலவை யாரும் குறைக்க முடியாத செலவு என்று விட்டுவிடுகிறோம். சர்க்கரை, பிரஷர் இரண்டும் உள்ள பெரியவர் ஒருவர் வீட்டில் இருந்தால் மாதாமாதம் போகிற காசு கரண்ட் பில்லைவிடக் கூடுதல். டாக்டரிடம் மாத்திரையின் மூலப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். சர்க்கரைக்குத் தருகிற மெட்ஃபார்மின் எந்தக் கம்பெனி அட்டையில் வந்தாலும் மெட்ஃபார்மின்தான். மக்கள் மருந்தகமும், 2025 பிப்ரவரியில் தமிழகம் முழுக்க ஆயிரம் இடங்களில் திறந்த முதல்வர் மருந்தகமும் இதற்குத்தான் இருக்கின்றன. விலை வித்தியாசத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் மாற்றாதீர்கள்.

இப்படியெல்லாம் மிச்சமானதை எங்கே வைப்பது? சேமிப்புக் கணக்கில் கிடந்தால் ஜிபேயில் கரைந்துவிடும். என் ஓட்டு, மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற தபால் ஆபீஸ் ஆர்.டி.க்கு. பங்குச் சந்தைக்காரர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். 2,000 போட்டால், 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் கழித்து 1,20,000-க்கு 1,42,700 சொச்சம் வரும். பெரிய வட்டி இல்லைதான். ஆனால் பல ஊர்களில் மகளிர் முகவர்கள் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போவார்கள். எங்கள் தெருவுக்கு வருகிற அக்கா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "பாஸ்புக்கை எடு தங்கம்" என்பார். அவரிடம் இந்த மாதம் பணம் இல்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கும். அந்த வெட்கம் பண்ணுகிற வேலையை எந்த ஆப்பும் பண்ணாது. பத்து வயதுக்குள் பெண் குழந்தை இருந்தால் செல்வமகள் திட்டம், வருஷத்துக்கு 250 ரூபாய் போட்டாலே கணக்கு உயிரோடு இருக்கும், வட்டி 8.2.

சிறுவாடு சேர்க்கிற அம்மாக்களுக்குத் தனியாக ஒன்று. அரிசிப் பானையிலும் புடவை மடிப்பிலும் வைத்ததெல்லாம் 2016 நவம்பரில் ஒரே ராத்திரியில் வெளியே வந்ததே, நினைவிருக்கும். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் வைத்த காசை அவர் கையிலேயே கொடுத்து வங்கி வரிசைக்கு அனுப்ப வேண்டி வந்தது. நோட்டாக வைக்காதீர்கள். உங்கள் பெயரில் ஒரு ஆர்.டி. போடுங்கள், போகும்போது ஆதாரும் இரண்டு போட்டோவும் எடுத்துக்கொண்டு போங்கள். பாரத்தில் நாமினி கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு வராதீர்கள். ஏற்கனவே கணக்கு இருக்கிறவர்கள் பாஸ்புக்கை எடுத்து நாமினி யார் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் போட்ட கணக்கில் இன்னும் அப்பா பெயரே இருக்கும்.